மாமனார் காலை எடுக்க வேண்டாம் என்கிறார். முடிவு செய்வது யார்?

பீனிக்ஸ் மருமகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருப்பவர்கள், ஆஸ்பத்திரி வேலை தெரிந்தவர்கள் யாராவது பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

என் மாமனாருக்கு 74 வயது. வெகு காலமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரலில் வந்த புண் கறுத்துப்போய், இப்போது பக்கத்து விரலுக்கும் பரவிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் பத்திரம் என்கிறார் சர்ஜன். மாமா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார்.

சாயங்காலம் ஆனால் அவருக்குப் பேச்சு தடுமாறுகிறது. முந்தாநாள் இரவு நர்ஸைப் பார்த்து, செத்துப்போன தன் தங்கை என்று நினைத்துக் குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு என் மூத்தார், “அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இல்லை. மூத்த மகன் நான் கையெழுத்துப் போடுகிறேன், எடுத்துவிடுங்கள்” என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். மாமியார் வாய் திறக்காமல் அழுகிறார். நாத்தனார், அப்பா சொல்வதைக் கேளுங்கள் என்று சண்டை போடுகிறாள்.

நேற்று ஒரு இளம் டாக்டர் வந்து இன்றைக்கு என்ன தேதி, நாட்டின் ஜனாதிபதி யார் என்று கேட்டார். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். மாமா பாதியில் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதை வைத்து “முடிவெடுக்கும் திறன் இல்லை” என்று எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எழுதாவிட்டால் அவர் உயிரே போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. இந்த ஊரில் இதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

வார்டு அக்கா

தங்கச்சி, நான் டர்பனில் சர்ஜிக்கல் வார்டில் நர்ஸ். மாமாவைப் போன்ற நோயாளிகளைப் பார்க்காத வாரமே கிடையாது. நம் ஆட்களில் சர்க்கரை இல்லாத குடும்பம் ஏது?

முதல் விஷயம், அந்தத் தேதி கேட்கிற பரீட்சை. அது 30 மதிப்பெண்ணுக்கு ஞாபகசக்தியையும் கவனத்தையும் பார்க்கிற சோதனை. மூளையில் ஏதோ சரியில்லையோ என்று சந்தேகப்பட உதவும், அவ்வளவுதான். இந்த ஆபரேஷனைப் பற்றி முடிவெடுக்க இவரால் முடியுமா என்பதை அது சொல்லாது. தேதி தெரியாத எத்தனையோ பெரியவர்கள் தங்கள் காலுக்கு என்ன வந்திருக்கிறது, என்ன செய்தால் என்ன ஆகும் என்று கணக்காகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 30க்கு 29 வாங்கிய ஒருவர், கறுத்த விரலைக் காட்டி “இது வெறும் அழுக்கு, சோப்புப் போட்டால் போய்விடும்” என்றதையும் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது, சாயங்காலக் குழப்பம். புண்ணில் இன்ஃபெக்ஷன் ஏறியிருக்கும்போது, அதுவும் வயதானவர்களுக்கு, டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பம் வருவது சகஜம். இன்னது என்று ஒரே காரணம் இருக்காது. இரவில் சர்க்கரை இறங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், வலி மருந்து கூடியிருக்கலாம், சிறுநீர் அடைத்திருக்கலாம், மலச்சிக்கலாகக்கூட இருக்கலாம். இது நேரத்துக்கு நேரம் மாறும். பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் மோசமாகும். அதனால் இரவு ஏழு மணிக்குப் பார்த்துவிட்டுத் திறன் இல்லை என்று எழுதுவது நியாயமே இல்லை. காரணத்தைத் தேடிச் சரிசெய்துவிட்டுக் காலையில், டிபன் முடிந்து, சர்க்கரை சரியாக இருக்கும்போது மறுபடி கேட்கச் சொல்லுங்கள். உயிருக்கு இந்த மணிநேரமே ஆபத்து என்றால் கதை வேறு. ஒன்றிரண்டு நாள் பொறுக்கலாம் என்று சர்ஜன் சொன்னால் அந்த ஒன்றிரண்டு நாளை விட்டுவிடாதீர்கள்.

மாமாவுக்குக் காது கேட்குமா? கண்ணாடி போடுவாரா? இரண்டும் ஆஸ்பத்திரியில் கூட இருக்கின்றனவா?

பீனிக்ஸ் மருமகள்

அக்கா, காது மெஷின் வீட்டில் இருக்கிறது! ஆஸ்பத்திரியில் தொலைந்துவிடும் என்று மாமியார் எடுத்து வைத்துவிட்டார்.

வார்டு அக்கா

இன்றைக்கே கொண்டு போங்கள். பேட்டரியும் புதிதாகப் போடுங்கள்.

லெனேசியா மகன்

எல்லோரும் அந்தப் பெரியவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் மூத்தார் பக்கம் பேசுகிறேன். என் அப்பாவும் இப்படித்தான் டயாலிசிஸ் வேண்டாம் என்றார். அவர் விருப்பம் என்று டாக்டர்கள் சரி என்றுவிட்டார்கள். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது பயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு வாரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் சரி என்றிருப்பார்.

பெற்றவருக்கு உயிர் போகும் நேரத்தில் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? கால் போனால் செயற்கைக் கால் வைக்கலாம். உயிர் போனால் எங்கே போய் வாங்குவது? படித்தவர்கள் உரிமை உரிமை என்கிறீர்கள். கொள்ளி வைக்கப்போகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

மாரிட்ஸ்பர்க் வக்கீல்

லெனேசியா அண்ணா சொல்வதில் உள்ள வலியை மதிக்கிறேன். ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நடைபாதையில் குடும்பம் வீணாக அடித்துக்கொள்ளும்.

தென்னாப்பிரிக்காவில் வயது வந்த எவருக்கும் திறன் இருக்கிறது என்றுதான் தொடங்க வேண்டும். இல்லை என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும். அரசியலமைப்பின் 12ஆம் பிரிவே தன் உடல்மீது தனக்குள்ள அதிகாரத்தைக் காக்கிறது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் 6ஆம் பிரிவில், நோய் என்ன, என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் நன்மை, ஆபத்து, செலவு என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. அதையும் முடிந்தவரை அவருக்குப் புரிகிற மொழியில், அவர் படிப்புக்கு ஏற்ற மாதிரி சொல்ல வேண்டும்.

மூத்தாருக்கு யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டியது இது: திறன் இல்லை என்றே முடிவானாலும் கையெழுத்து உரிமை மூத்த மகனுக்குப் போகாது. 7ஆம் பிரிவில் வரிசை இருக்கிறது. நோயாளி முன்பே எழுத்தில் யாரையாவது நியமித்திருந்தால், அல்லது சட்டமோ கோர்ட்டோ ஒருவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தால், அவர். அப்படி யாரும் இல்லையென்றால் கணவன், மனைவி அல்லது துணைவர். அவரும் இல்லாவிட்டால் பெற்றோர், அப்புறம் தாத்தா பாட்டி, அப்புறம் வயது வந்த பிள்ளைகள், அப்புறம் உடன்பிறந்தவர்கள். அதாவது இங்கே முதலில் உங்கள் மாமியார்தான். பிள்ளைகள் என்று வரும்போதும் சட்டம் மூத்தவன், இளையவள் என்று பார்ப்பதில்லை. நாத்தனாருக்கும் மூத்தாருக்கும் ஒரே தகுதி.

இன்னொன்று. வேறொருவர் கையெழுத்துப் போடும் நிலை வந்தாலும், முடிந்தால் நோயாளியைக் கலந்துகொண்டுதான் போட வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. குழம்பியிருக்கிறார் என்பதால் அவரை ஓரமாகத் தள்ளிவிட முடியாது.

ஜோபர்க் மனநல மருத்துவர்

இப்படிப்பட்ட நோயாளிகளுக்குத் திறன் இருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிடுவது வாடிக்கை. அதனால் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று சொல்கிறேன்.

1988இல் அமெரிக்காவில் அப்பல்பாம், கிரிஸோ என்ற இருவர் எழுதிய நான்கு விஷயங்கள்தான் இன்றும் பெரும்பாலும் அடிப்படை. சொன்னது புரிகிறதா, அது தனக்கு நடக்கிற விஷயம் என்று உணர்கிறாரா, வழிகளை எடை போட்டுப் பார்க்க முடிகிறதா, ஒரு முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. இவை நான்கும் இந்த ஒரு முடிவுக்காக, இந்த நேரத்தில். ஒருவருக்கு வீட்டை விற்பது பற்றி முடிவெடுக்கத் திறன் இல்லாமல் இருக்கலாம், ஊசி போடுவது பற்றி முடிவெடுக்க இருக்கலாம். ஆளுக்கு மொத்தமாக முத்திரை குத்துவது சரியல்ல.

இதில் மிகவும் நுணுக்கமானது இரண்டாவது, உணர்தல். நம் பெரியவர்கள் சாமி பெயரைச் சொல்லி மறுக்கும்போது இளம் டாக்டர்கள் திணறிப்போகிறார்கள். “அம்மன் கனவில் வந்து புண்ணை ஆற்றிவிட்டாள், இப்போது காலில் ஒன்றும் இல்லை” என்று ஒருவர் சொன்னால், கண்ணுக்கு முன்னால் கறுத்திருக்கும் விரலை அவரால் தன் நோயாகப் பார்க்க முடியவில்லை. நான் கவலைப்படுவேன். “அம்மன் விட்ட வழி. காப்பாற்றினால் இருப்பேன், இல்லையென்றால் அழைத்துக்கொள்வாள். இது பரவினால் சாவேன் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும்” என்று சொன்னால், அவருக்கு எல்லாம் தெரிகிறது. அவருடைய நம்பிக்கை என்னுடையதாக இல்லாமல் இருக்கலாம். அதனால் அவர் திறன் குறைந்துவிடாது. இரண்டிலும் அம்மன் பெயர் வருகிறது, ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும்.

இங்கிலாந்தில் 1993இல் இதே கால் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பிராட்மூர் என்கிற பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் இருந்த 68 வயதுக்காரர். ஸ்கிட்சோஃப்ரினியா. தான் உலகப் புகழ்பெற்ற டாக்டர் என்று நம்பிக்கொண்டிருந்தவர். காலில் கேங்க்ரீன், அதாவது சதை செத்து அழுகுவது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீதம்தான் வாய்ப்பு என்றார் சர்ஜன். ஒரு காலோடு வாழ்வதைவிட இரண்டு காலோடு சாகிறேன் என்றார் இவர். சொன்னதைப் புரிந்து மனதில் வைத்துக்கொள்கிறாரா, நம்புகிறாரா, எடை போடுகிறாரா என்று பார்த்து, மனநோய் இருந்தாலும் இந்த முடிவுக்குத் திறன் இருக்கிறது என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். காலை எடுக்கவில்லை. அழுகிய சதையை மட்டும் நீக்கினார்கள். அந்த ஆபத்திலிருந்து அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்ததால் தீர்ப்பு சரி என்று நான் சொல்லவில்லை. செத்திருந்தாலும் அது சரியான தீர்ப்புதான்.

லெனேசியா தம்பிக்கு: பயம் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கடுமையான பயமோ மனச்சோர்வோ ஒருவரை எடை போடவே விடாமல் செய்யக்கூடும். “நான் யாருக்கும் பிரயோஜனமில்லை, போகட்டும்” என்று ஒருவர் சொன்னால் அது நோய் பேசுவதா என்று பார்ப்பது எங்கள் கடமை. தூக்கம், சாப்பாடு, முன்பு பிடித்ததில் இப்போதும் ஆசை இருக்கிறதா என்று விசாரிப்போம். பயத்துக்கு மருந்து நேரமும் பேச்சும். உங்கள் அப்பாவுக்கு அந்த ஒரு வாரம் கிடைத்திருக்க வேண்டும். அது கிடைக்காமல் போனதற்காக நீங்கள் வருத்தப்படுவதில் தவறே இல்லை.

லெனேசியா மகன்

நன்றி டாக்டர். அந்த வாரத்தை யாரும் கொடுக்கவில்லை. அதுதான் என் ஆதங்கம்.

மிட்ராண்ட் கணினிக்காரர்

மொழி பற்றி வக்கீல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் அம்மா திருநெல்வேலியிலிருந்து எங்களோடு இருக்க வந்தவர். தமிழ் மட்டும்தான். போன வருஷம் மார்பில் கட்டி. நான் ஊரில் இல்லாதபோது ஓர் உறவினர் கூடப் போய் டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் பேசினார். புற்றுநோய் என்ற சொல்லையே அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. சின்னக் கட்டி, எடுத்துவிடுவார்கள் என்றார். அம்மா, சின்னக் கட்டிக்கு எதற்கு ஆபரேஷன், வேண்டாம் என்றார். அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் “அம்மாவுக்குப் புரியவில்லை” என்று சொன்னார் அவர். ஃபைலில் ‘நோயின் தன்மை புரியவில்லை’ என்று எழுதிவிட்டார்கள்.

எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது, அம்மாவிடம் யாரும் எதையும் சொல்லவே இல்லை என்பதுதான். அப்புறம் தமிழ் தெரிந்த ஒரு டாக்டர் போனில் அரை மணி நேரம் அம்மாவோடு மட்டும் பேசினார். அம்மா கேட்ட முதல் கேள்வி, “எடுத்தால் எத்தனை வருஷம், எடுக்காவிட்டால் எத்தனை வருஷம்?” ஆபரேஷன் செய்துகொண்டார். நன்றாக இருக்கிறார்.

வார்டு அக்கா

மிட்ராண்ட் தம்பி சொன்னதை எல்லா வார்டிலும் ஒட்டி வைக்க வேண்டும். குடும்பத்து ஆள் நடுவில் பேசினால் பாசம் பாதியை விழுங்கிவிடும். வெளியாள் ஒருவர் பேச வேண்டும். குடும்பம் பக்கத்தில் இருக்கலாம், குறுக்கே பேசக் கூடாது.

இன்னொன்று பல நாளாக என் மனதில் கிடக்கிறது. நோயாளி மறுத்தால்தான் எல்லோரும் திறனைப் பற்றிக் கேட்கிறார்கள். சரி என்று தலையாட்டினால் யாரும் கேட்பதில்லை. டெலிரியத்தில் ஒரு வகை, கத்தாது, பிடுங்காது. ஆள் சும்மா படுத்திருப்பார். எதைக் கேட்டாலும் ம், ம் என்பார். நல்ல பேஷண்ட், தொந்தரவே இல்லை என்று கடந்து போய்விடுவோம். பேனாவைக் கையில் கொடுத்தால் கையெழுத்தும் போட்டுவிடுவார். “எந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள் தாத்தா?” என்று கேட்டால் முழிப்பார். மறுப்பைச் சோதிப்பது போலவே சம்மதத்தையும் சோதிக்க வேண்டும். உங்கள் மாமா நாளைக்கே திடீரென்று சரி என்றால்கூட, அது எந்த நேரத்தில், எந்த நிலையில் சொன்னது என்று பாருங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘புரிந்ததா’ என்றால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “டாக்டர் சொன்னதை உங்கள் மனைவியிடம் எப்படிச் சொல்வீர்கள், எனக்குச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அப்போது தெரிந்துவிடும்.

பீனிக்ஸ் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை சீனியர் டாக்டர் ஒருவர் வந்தார். இரண்டு நாளாக ஆன்டிபயாடிக் மாற்றி, இரவு வலி மருந்தைக் குறைத்ததில் நேற்று ராத்திரி குழப்பம் அதிகம் இல்லை. காது மெஷின் போட்டிருந்தார். மாமாவுக்கு ஆங்கிலம்தான் வாயில் வரும், வலி கூடினால்தான் தமிழ். அதனால் டாக்டரே நேராகப் பேசினார். எங்களைக் கதவோரம் நிற்கச் சொன்னார்.

“உங்கள் காலுக்கு என்ன?” என்றார். “செத்துக்கொண்டிருக்கிறது” என்றார் மாமா. “விட்டால்?” “மேலே ஏறும். இரத்தத்தில் கலந்தால் நானும் போவேன்.” “எடுத்தால்?” “பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம், எனக்கு இதயமும் சரியில்லை என்றீர்கள்.” அப்புறம் ஏன் வேண்டாம் என்று டாக்டர் கேட்டார். இத்தனை நாள் நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. மாமா சொன்னார்: எங்கள் வீட்டில் படுக்கையறை மாடியில், படி குறுகல். மாமியாருக்கு முதுகு வலி. “அவள் என்னைத் தூக்கித் தூக்கி எனக்கு முன்னால் செத்துப்போவாள்.” இந்தக் காலோடு பல வருஷம் தீமிதியில் இறங்கியவன், இதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க மனமில்லை என்றும் சொன்னார்.

மூத்தார் அழுதுவிட்டார். கீழ்த்தளத்தில் முன்னறையைப் படுக்கையறையாக்கித் தருகிறேன், ஆள் வைக்கிறேன் என்றார். மாமா யோசித்துவிட்டு, முழங்கால் வரை வேண்டாம், கறுத்த விரல்களை மட்டும் எடுக்க முடிந்தால் எடுங்கள் என்றார். இரத்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், ஆனால் அது போதாமல் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். “போதாவிட்டால் விடுங்கள்” என்றார் மாமா. திறன் இருக்கிறது என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள்.

என் கேள்வி: விஷம் ஏறி நாளைக்கு நினைவு தப்பினால்? அப்போது மூத்தாரோ மாமியாரோ கால் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடலாமா?

மாரிட்ஸ்பர்க் வக்கீல்

தெளிவாக இருந்தபோது, தெரிந்து மறுத்ததை நினைவு தப்பும் வரை காத்திருந்து மாற்றுவது முறையல்ல. தாமதித்தால் உயிர் போகும் என்கிற அவசரத்தில் சம்மதம் இல்லாமல் சிகிச்சை தர 7ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அவர் வாயாலோ நடத்தையாலோ ஏற்கெனவே மறுக்காமல் இருந்தால்தான். 1994இல் கேப் நீதிமன்றத்தில் வந்த காஸ்டெல் வழக்கின் தீர்ப்பும் நோயாளியின் மறுப்பை இப்படித்தான் மதித்தது. மொத்த மருத்துவ உலகமும் இது அநியாயமான மறுப்பு என்று நினைத்தாலும் மறுக்க நோயாளிக்கு உரிமை உண்டு என்றது. நம் டர்பன் நீதிமன்றத்திலேயே 1992இல் கிளார்க் வழக்கு இருக்கிறது. நினைவு திரும்பாத நிலையில் இருந்த ஒரு டாக்டர், முன்பே தன் விருப்பத்தை எழுதி வைத்திருந்தார். குழாய் வழி உணவை நிறுத்தும் அதிகாரத்தை அவர் மனைவிக்கு நீதிபதி கொடுத்தார்.

பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். இந்த நாட்டில் அது கொடுத்தவருக்குத் திறன் போனால் தானாகவே செல்லாமல் போய்விடும். பேங்க் வேலைக்குக்கூட உதவாது, அப்புறம் அவர் காரியங்களைப் பார்க்கக் கோர்ட் நியமிக்கிற க்யூரேட்டரை ஹைகோர்ட்டில் கேட்க வேண்டியிருக்கும். மருத்துவத்துக்கு 7ஆம் பிரிவு சொல்கிற எழுத்து நியமனம் தனி. மாமா தெளிவாக இருக்கும் இந்த இரண்டு நாளில் அதை எழுதி வாங்கிவிடுங்கள். மாமியார் பெயர் முதலில், அவரால் முடியாவிட்டால் யார் என்று அடுத்த பெயர். அதை மாமாவே தேர்ந்தெடுக்கட்டும்.

வார்டு அக்கா

எழுதும்போது வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன் வேண்டாம், எது வரை சம்மதம், ஆன்டிபயாடிக் தொடரலாமா, ஐசியு வேண்டுமா, மூச்சுக்கு மெஷின் வைக்கலாமா என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதுங்கள். தேதி, நேரம், யார் யார் கூட இருந்தார்கள் என்பதும் வேண்டும். ஒரு பிரதி ஃபைலில், ஒன்று மாமியார் பையில், ஒன்று மூத்தாரிடம். மூத்தாரிடம் கட்டாயம் ஒன்று இருக்கட்டும்.

மாமா மனம் மாறலாம், எப்போது வேண்டுமானாலும். முன்னறை தயாரானதைப் பார்த்துவிட்டு மாறலாம். அதனால் விரல் ஆபரேஷனுக்கு முன்னால் ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். கேட்பது காலையில், காது மெஷினோடு. வலிக்கு மருந்து கேட்கத் தயங்காதீர்கள். கால் எடுக்க மறுத்தவருக்கு வலி மருந்து குறைவாகத் தரலாம் என்று எந்தச் சட்டமும் இல்லை. யாராவது அசட்டையாக இருந்தால் சிஸ்டர்-இன்-சார்ஜைக் கூப்பிடுங்கள். நாளை எந்த ஷிஃப்ட் என்று தெரிந்தால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.